ஒரு பக்க வெளிச்சம்

2094 ஆகஸ்ட் 1. நிலவின் தென்துருவம், ஷேக்கில்டன் பள்ளத்தின் விளிம்பு, நீரேற்று நிலையம் எண் மூன்று. அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் இரண்டு. பணியில் இருப்பவர் ஒருவர்.

அந்த ஒருவரான சேர்மத்துரை காலை பத்து மணிக்குக் கேமராவின் முன் உட்கார்ந்து இரண்டு நிமிடம் சிரித்தார். மாதத்தின் முதல் தேதியில் அது அவருடைய வேலை. சிரித்தபடியே பேசவும் செய்தார். "எனக்கு இங்க தனியா இருக்க முடியல. தூக்கம் சரியில்ல. என்னைய ஊருக்கு அனுப்பிருங்க." பிறகு கேமராவை அணைத்தார். பதிவான நிகழ்மடல் பூமிக்குப் போய்ச் சேர்ந்தது. அரை மணி நேரத்தில் வழக்கமான பதில் வந்தது: 'பெறப்பட்டது.'

நிலவுக் குடிநீர் வாரியத்தின் எல்லா நிலையங்களும் ஒரே மாதிரியானவை. சூரியனையே காணாத பள்ளத்தின் அடியில் எந்திரங்கள் பனியை வெட்டும். பனியுருக்கிகள் அதை நீராக்கும். குழாய்கள் அதை மேலே குடியிருப்புகளுக்குத் தள்ளும். இதில் எதற்கும் மனிதன் தேவையில்லை. ஆனால் குடிநீர் நல்ல நீர்தான் என்று ஒரு மனிதன் நாள்தோறும் கையெழுத்திட வேண்டும் என்று சட்டம் சொன்னது. சேர்மத்துரை இரண்டு வருடம் நாலு மாதமாகக் கையெழுத்திட்டு வந்தார். இரண்டாம் பணியிடம் அவர் வந்த நாளிலிருந்து காலி.

தனியாக இருப்பவர்களை வாரியம் கவனிக்காமல் விடவில்லை. மாதாந்திர நிகழ்மடலை முகமானி என்ற கருவி பார்த்து, அதில் இருப்பவரின் தனிமைக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். மதிப்பெண் அதிகமானால் ஆளைத் திரும்ப அழைத்துக்கொள்வார்கள். எவ்வளவு அதிகம், எத்தனை முறை என்பதெல்லாம் ரகசியம். முகமானி ஒலியைக் கேட்காது. தொடக்க ஆண்டுகளில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மாறுதல் வேண்டிய ஊழியர்கள் எல்லோரும் ஒரே வாக்கியங்களை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிச் சொல்லத் தொடங்கியதும், வாரியம் சுற்றறிக்கை போட்டு ஒலியை நீக்கிவிட்டது. படம் மட்டும் போதும் என்றது.

படத்தில் சேர்மத்துரை நன்றாகவே இருந்தார். நிலையத்தின் சுவர்கள் ஒளித்தோல் பூசியவை. தரை, கூரை, நாலு பக்கமும் ஒரே அளவாக வெள்ளை ஒளி விடும். நிழல் விழுந்தால் ஊழியர்கள் கலங்குவார்கள் என்று யாரோ ஒரு பொறியாளர் குறிப்பு எழுதியதன் பலன். கேமராவைத் திறந்தால் முகத்துக்கு எதிரே உள்ள சுவர் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஒளிரும். அந்த ஒளியில் கண்ணுக்குக் கீழே உள்ள கருமை, கன்னத்துக் குழி எதுவும் தெரியாது. மிச்சத்தைச் சிரிப்பு மறைத்துவிடும். கேமராவைக் கண்டால் பல்லைக் காட்டுவது அவருக்குக் கை தட்டினால் கண் இமைப்பது போல. மழலையர் பள்ளி அடையாள அட்டையிலும் அப்படித்தான் இருந்தார்.

இந்த முறை அவசரம் இருந்தது. அவர் மனைவி பவளக்கனி தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் வழிகாட்டிப் பிரிவில் அதிகாரி. பதவி உயர்வு வந்திருந்தது. அதோடு கிரேட் நிக்கோபாருக்கு மாறுதலும் வந்திருந்தது. நான்கு வருடம், இடையில் திரும்ப முடியாது. கணவனும் மனைவியும் அரசு ஊழியர்களானால் ஒரே ஊரில் பணி கேட்கலாம் என்ற பழைய விதி இன்னும் உயிரோடு இருந்தது. ஆனால் கேட்கும் நாளில் இருவரும் பூமியில் இருக்க வேண்டும். கடைசித் தேதி நவம்பர் 30. நிலவிலிருந்து கிளம்பும் அடுத்த கப்பல் அக்டோபர் 19. அதை விட்டால் பதினொரு மாதம்.

சொந்தக் காரணம் காட்டி அவர் எழுதிய மூன்று விண்ணப்பங்களும் நிராகரிக்கப்பட்டிருந்தன. மிச்சமிருந்த ஒரே வழி முகமானி.

ஆகஸ்ட் 2 அன்று அவர் மனைவியிடம் பேசினார். நிலவுக்கும் பூமிக்கும் இடையே சொல் போய் வர இரண்டரை வினாடி ஆகும். புதிதாகத் திருமணமானவர்களை அந்த இடைவெளி சண்டையில் கொண்டுவிடும். இவர்கள் பழகியிருந்தார்கள்.

"நேத்து மடல் எனக்கும் வந்திச்சு" என்றார் பவளக்கனி. "பாத்தேன். சம்பந்தி வீட்டு விருந்துக்குப் போயிட்டு வந்தவரு மாதிரி இருக்கீய."

"நான் பேசுனதக் கேட்டியா?"

இரண்டரை வினாடி.

"கேட்டேன். காதுக்கு ஒண்ணு சொல்லுதீய, கண்ணுக்கு ஒண்ணு காட்டுதீய. நான் எத நம்பட்டும்?"

"பவளம், சத்தத்த அவங்க எடுத்துருவாங்க."

"எனக்கே அப்பிடித்தான் இருக்கு. சத்தத்த எடுத்துட்டுப் பாத்தா, இந்த மனுசன் எதுக்கு வரணும்னுதான் தோணும்." பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "நிக்கோபாருக்கு ஒத்தக் கட்டில் வேணுமா, ரெட்டக் கட்டில் வேணுமான்னு குவாட்டர்ஸ் பாரத்துல கேட்டிருக்கான். நிரப்பாம வச்சிருக்கேன். லிங்கத்துகிட்டப் பேசுங்க. அவன் பொழப்பே அதுதான."

லிங்கதுரை பவளக்கனியின் தம்பி. தூத்துக்குடியில் திருமணப் படம் எடுப்பவர். எட்டு மிதவிளக்குகள், இரண்டு உதவியாளர்கள், ஓயாத வாய். மிதவிளக்கு என்பது மணமக்களைச் சுற்றித் தலைக்கு மேலே தானாக மிதந்து ஒளி தரும் பந்து. கிளம்பும்போது மணப்பெண் அழுவதைத் தனிக் காட்சியாக எடுத்துத் தருவதில் லிங்கதுரைக்கு மாவட்டத்தில் பெயர் இருந்தது. சேர்மத்துரை விஷயத்தைச் சொன்னதும் அவர் கடைசி ஐந்து நிகழ்மடல்களையும் வாங்கிப் பார்த்தார்.

"அத்தான், இதப் பாத்தா முகமானி என்ன, நானே லீவு தரமாட்டேன்."

"சிரிக்காம ஒண்ணு எடுத்து அனுப்புதேன், பாரு மாப்ள."

அனுப்பினார்.

"இது ரேசன் கார்டு போட்டோ" என்றார் லிங்கதுரை. "நீங்க சிரிச்சாலும் ஒண்ணுதான், முறைச்சாலும் ஒண்ணுதான். வெளிச்சம் நாலாபக்கமும் அடிக்கு. அந்த வெளிச்சத்துல வச்சு எடுத்தா எழவு வீடும் கல்யாண வீடாத்தான் தெரியும். மொதல்ல எனக்கு இருட்டு வேணும்."

"இங்க இருட்டு கெடையாதே."

"நிலாவுல இருந்துகிட்டு இருட்டு இல்லங்குறீய."

வெளியே நாலு கிலோமீட்டர் ஆழத்துக்கு இருட்டு இருந்தது. உள்ளே ஒளித்தோலை அணைக்க விதி இடம் தரவில்லை. இரண்டு நாள் தேடியதில், ஒளித்தோல் பூசாத ஓர் இடம் கிடைத்தது. கருவியறை. குழாய்களில் வெப்பக் கசிவு பார்க்கும் கருவியைச் சரிசெய்ய அங்கே இருட்டு தேவைப்பட்டதால் விட்டுவைத்திருந்தார்கள். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, வெளியே பார்க்கச் சாண் அகலத்தில் ஒரு வட்டக் கண்ணாடிச் சன்னல்.

பாடம் அங்கே தொடங்கியது. தலைக்கவச விளக்கைக் கழற்றி மேசையில் வைக்கச் சொன்னார் லிங்கதுரை. முகத்துக்கு நேராக வைத்ததும், "இது போலீஸ் விசாரணை" என்றார். கீழிருந்து காட்டியதும், "இது பேய்ப் படம். எறக்குங்க" என்றார். தலைக்கு மேலே பிடித்ததும் கண்கள் இரண்டு குழியாகின. "இப்ப வயசு கூடிட்டு, ஆனா ஏக்கம் வரல. பக்கத்துல கொண்டுவாங்க. இன்னும். காதுக்கு நேரா."

முகத்தில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. சேர்மத்துரை திரையில் தன்னைப் பார்த்தார். ஒன்றேகால் வினாடிக்குப் பிறகு லிங்கதுரையும் பார்த்தார்.

"அந்தப் பக்கம் ரொம்பக் கறுப்பா இருக்கு" என்றார் சேர்மத்துரை.

"இருக்கட்டும். ஒரு பொட்டு மட்டும் வேணும். கண்ணுல. அந்த இருட்டுக் கண்ணுல ஒரு பொட்டு வெளிச்சம் இல்லன்னா செத்த கண்ணு. இருந்தா யாரையோ பாத்துகிட்டு இருக்குற கண்ணு."

ஊரில் அதற்குத் தெர்மாகோல் பலகை போதும். இங்கே சேர்மத்துரை விண்வெளி உடையின் வெள்ளை உள்துணியை எடுத்துக் கம்பியில் கட்டி, எதிர்ப்பக்கம் நிறுத்தினார். தள்ளி வைத்தால் பொட்டு மறைந்தது. அருகில் வைத்தால் முகமே விடிந்துவிட்டது. சரியான தூரம் கண்டுபிடிக்க மூன்று மாலைகள் ஆயின. விளக்குக்கு முன்னால் துணியை விரித்தால் நிழலின் ஓரம் கரைவதையும், துணியை எடுத்தால் கத்தி போல நிற்பதையும் பார்த்துப் பார்த்துப் பழகினார். உணவுப் பொதியின் மஞ்சள் தாளை விளக்கின் மேல் ஒட்டினால் அந்த ஒளி ஏதோ ஒரு வீட்டிலிருந்து வருவது போல இருந்தது.

வேலை முடிந்ததும் அவர் கருவியறைக்குப் போகத் தொடங்கினார். முன்பெல்லாம் இரவு உணவை நின்றபடி உண்பார். இப்போது அதைக் கருவியறை மேசைக்கே கொண்டுவந்து, எதிரே திரையில் லிங்கதுரை பரோட்டா பிய்த்துப் போட்டுச் சாப்பிட, தானும் உட்கார்ந்து உண்டார். லிங்கதுரை அன்றைய திருமணக் கதையைச் சொல்வார். மாப்பிள்ளையின் சித்தப்பா மிதவிளக்கைக் கொசுவென்று நினைத்து அடித்தது, மணப்பெண் அழ மறந்து போய் மறுநாள் வரவழைத்து அழவைத்தது. சேர்மத்துரை இருமும் அளவுக்குச் சிரித்தார். அப்போது நிகழ்மடல் கேமரா ஓடவில்லை.

"ஒண்ணு மட்டும் செய்யாதீய" என்றார் லிங்கதுரை ஒருநாள். "அழாதீய. அழுத மொகத்த நான் ஆயிரம் பாத்துட்டேன். பாக்குறவன் தலையத் திருப்பிக்கிடுவான். நீங்க சும்மா இருங்க. அழுகையெல்லாம் லைட்டு பாத்துக்கிடும்."

பிறகு வட்டக் கண்ணாடி. தென்துருவத்தில் சூரியன் உச்சிக்கு வருவதில்லை. தொடுவானத்தை ஒட்டியபடி மாதத்துக்கு ஒருமுறை வட்டமிடும். அந்தக் கண்ணாடியின் பக்கம் அது வரும்போது இரண்டு நாள் ஒளி கிடைமட்டமாக உள்ளே பாயும். இதை அறிந்ததும் லிங்கதுரை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"நான் சாயங்காலம் பத்து நிமிசத்துக்காகக் கல்யாண கோஷ்டியவே கடற்கரைக்கு இழுத்துட்டு ஓடுவேன். உங்களுக்கு ரெண்டு நாளு முழுசா கெடைக்கு. என்னைக்கு வருது?"

"இருபத்தெட்டு, இருபத்தொம்பது."

"அன்னைக்கு எனக்கு ஆத்தூர்ல கல்யாணம். தம்பிகள அனுப்பிட்டு உங்க கூட இருக்கேன்."

ஆகஸ்ட் 28 காலை ஒளி வந்தது. காற்றில்லாத வெளியைத் தாண்டி வந்ததால் அதில் மஞ்சளே இல்லை. மஞ்சள் தாளை அவர்கள் கண்ணாடியில் பாதி மட்டும் ஒட்டினார்கள். சுவர்களைக் கறுப்புக் காப்புத் துணியால் மூடியாயிற்று. மேசைத் தூசி மேலெழுந்து ஒளியின் பாதையில் நின்றது. நிலவின் ஈர்ப்பில் தூசியும் ஆறில் ஒரு பங்கு அவசரத்தோடுதான் கீழே இறங்கும். சேர்மத்துரை ஒரு நாற்காலியில் பக்கவாட்டில் அமர்ந்தார். இரண்டாவது நாற்காலியை லிங்கதுரை ஒளியில் தள்ளி வைக்கச் சொன்னார். அதில் யாரும் இல்லை. கால்களின் நிழல் நீண்டு சேர்மத்துரையின் காலடி வரை வந்தது.

"கேமராவப் பாக்காதீய. அந்த நாற்காலியப் பாருங்க."

முப்பத்தோரு முறை எடுத்தார்கள். ஒருமுறை தும்மல். ஒருமுறை எந்திரம் ஒன்று கையெழுத்துக்காகக் கதவைத் தட்டியது. பதினேழாவது முறை சேர்மத்துரை தன்னை மறந்து சிரித்துவிட, "அத்தான், உங்க பல்லுக்கு ஒரு பூட்டு போடணும்" என்றார் லிங்கதுரை. முப்பத்தோராவது முறை எடுத்ததை இருவரும் இரண்டு உலகங்களில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

இரண்டு நிமிடப் படம். ஒரு மனிதன், ஒரு காலி நாற்காலி, மெல்ல இறங்கும் தூசி. முகத்தின் இருண்ட பாதியில் ஒரு பொட்டு ஒளி.

லிங்கதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுக்கு மேல ஒருத்தன் எப்பிடிச் சொல்ல முடியும்" என்றார்.

செப்டம்பர் 1 காலை பத்து மணிக்கு அது அனுப்பப்பட்டது. பதில் வந்தது: 'பெறப்பட்டது.'

மாலையில் பவளக்கனி அழைத்தார்.

"பாத்தேன்" என்றார்.

சேர்மத்துரை காத்திருந்தார். இடைவெளி இரண்டரை வினாடிக்கும் அதிகமாக நீண்டது.

"ரொம்ப அழகா இருந்தீய. கல்யாணத்தப்பக்கூட இவ்வளவு அழகா இல்ல. பக்கத்து வீட்டு அக்காகிட்டக் காட்டுனேன். அவங்களும் அதத்தான் சொன்னாங்க."

"அழகா இருந்தேனா?"

"ஆமா. ஏன், அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. கட்டில் பாரத்த நிரப்பிட்டியா?"

"இன்னும் இல்ல."

மறுநாள் சென்னையில், வாரியத் தலைமையகத்தின் ஏழாவது மாடியில், உளநல மதிப்பீட்டுப் பிரிவின் கண்காணிப்பாளர் தில்ஷாத் அந்த நிகழ்மடலைப் பார்த்தார். ஒலியை நீக்கித்தான் பார்த்தார். நீக்க ஒன்றும் இல்லை. சேர்மத்துரை அதில் பேசவே இல்லை. முடிந்ததும் மறுபடி ஓட்டினார். மேசைக்கு எதிரே உதவியாளர் கோமதிநாயகம் ஒரு கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மேடம், நம்பர் மூணு ஸ்டேஷன். ஆர்டர் டைப் பண்ணி ரெடியா இருக்கு. உங்க கையெழுத்துதான் பாக்கி."

"எந்த ஆர்டர்?"

"கட்டாய மீட்பு. ஏப்ரல்ல இருந்து அஞ்சு மாசமும் எண்பத்தஞ்சுக்கு மேல. போன மாசம் தொண்ணூத்தாறு. ஆறாவது மாசமும் வந்துட்டா ஆளைத் தூக்கிடணும்னு ரூல். தொண்ணூத்தாறு எடுத்தவரு எறங்கவா போறாருன்னு அக்டோபர் பத்தொன்பது கப்பல்ல சீட் கூட போட்டுட்டேன்."

தில்ஷாத் திரையை அவர் பக்கம் திருப்பினார். ஆறாவது மாதத்துக்கான கட்டத்தில் முகமானி எழுதியிருந்த எண் 9.

கோமதிநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். "ஒன்பதா? தொண்ணூத்தொன்பதுல ஒரு ஒன்பது விட்டுப் போச்சா?"

"ரெண்டு தடவை சரிபார்த்துட்டேன். ஒன்பதுதான்."

"படத்தைப் பார்த்தா மனசு என்னவோ பண்ணுது, மேடம்."

"எனக்கும்தான்."

"அப்ப நீங்க மாத்தி எழுத முடியாதா?"

"நம்ம கண்ணு செல்லாதுன்னு ரூல் இருக்கு. மனுஷங்க வெளிச்சத்தைப் பார்த்து ஏமாறுவாங்கன்னுதானே முகமானியே வந்தது."

முகமானிக்குத் தனிமை இன்னதென்று யாரும் சொல்லித் தரவில்லை. இருபத்தோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் மனிதர்கள் தங்களைத் தாங்களே எடுத்துக்கொண்ட நாலாயிரம் கோடிப் படங்களையும், அவர்களுக்குப் பின்னாளில் என்ன நேர்ந்தது என்ற மருத்துவப் பதிவுகளையும் அதற்குக் கொடுத்தார்கள். மிச்சத்தை அதுவே கண்டுகொண்டது. முகத்துக்கு நேரே வெளிச்சம், நிழலில்லாத கன்னம், கை நீளத் தூரம், நிறைந்த சிரிப்பு, மறுநாளும் அதே இடத்தில் அதே சிரிப்பு. பேச ஆளின்றி இருந்தவர்களின் படங்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தன. ஒரு பக்கம் மட்டும் ஒளி விழ, எங்கோ பார்த்தபடி இருண்ட அறையில் அமர்ந்திருந்தவர்களைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. அந்தப் படங்களில், படச் சட்டகத்துக்கு வெளியே, விளக்கைப் பிடித்துக்கொண்டு யாராவது ஒருவர் நின்றிருந்தார்.

முகமானி தவறவில்லை என்றும் சொல்ல வேண்டும். ஆகஸ்டின் கடைசி மூன்று வாரமும் சேர்மத்துரை ஒவ்வோர் இரவும் ஏழு மணி நேரம் தூங்கியிருந்தார். படுக்கையின் உணரிகளில் அது பதிவாகியிருந்தது.

"எண்ணிக்கையைப் பூஜ்யத்துல இருந்து ஆரம்பிங்க" என்றார் தில்ஷாத். "அந்த ஆர்டரைக் கிழிச்சிடுங்க."

"சீட்டு?"

"ஸ்டோர்ஸ்ல கேளுங்க. ஏதாவது அனுப்ப வேண்டியது இருக்கும்."

விதிகள் ரகசியம் என்பதால் சேர்மத்துரைக்கு எதுவும் தெரிவிக்கப்படவில்லை. அவர் செப்டம்பர் முழுவதும் உத்தரவை எதிர்பார்த்தார். படம் போதுமான அளவு இருட்டாக இல்லையோ என்று லிங்கதுரையிடம் கேட்டார். அக்டோபர் நிகழ்மடலை இன்னும் இருட்டாக எடுத்தார்கள். அதற்கு முகமானி 7 போட்டது. அதன் பிறகு ஐப்பசி முகூர்த்தங்கள் தொடங்கியதால் லிங்கதுரைக்கு நேரம் கிடைக்கவில்லை.

அக்டோபர் 19 அன்று கப்பல் கிளம்பியது. ஒதுக்கிய இருக்கையில் பழுதுபார்க்க அனுப்பிய இரண்டு வடிகட்டிகள் இருந்தன. நவம்பர் 30 கடந்தது. பவளக்கனி குடியிருப்புப் பாரத்தில் ஒற்றைக் கட்டில் என்று நிரப்பிக் கொடுத்துவிட்டு, டிசம்பர் 4 காலை தூத்துக்குடியிலிருந்து கிரேட் நிக்கோபாருக்குக் கப்பலேறினார்.